அவமானப்படுத்தினவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என் வீட்டுக்காரர் கீபோர்டு வாசிக்கலாமா?

தென்காற்று:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஊர்ப் பெயரும் சபைப் பெயரும் வேண்டாம், திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) கிராமச் சபை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் எங்கள் கோவிலில் பதினாலு வருஷம் கீபோர்டு வாசித்தார். சம்பளம் கிடையாது, கிறிஸ்மஸுக்கு ஒரு வேட்டி சட்டை கொடுப்பார்கள், அவ்வளவுதான். மழையோ காய்ச்சலோ, ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போது அவர் கோவிலில் இருப்பார். போன வருஷம் சேகரத் தேர்தலில் (பக்கத்துப் பக்கத்துச் சபைகள் சேர்ந்ததுதான் சேகரம்) என் மாமனார் ஒரு அணியில் நின்று தோற்றுப்போனார். ஜெயித்த அணியிலிருந்து செயலரானவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் வயரைச் சொருகப் போனவர், கோவில் வாசல் போர்டில் ஒரு தாள் ஒட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறார். இனிமேல் பாடகர் குழுவுக்கு இன்னார் வாசிப்பார் என்று எழுதியிருந்தது. இன்னார் என்பது செயலருடைய அக்கா மகன், காலேஜ் படிக்கிற பையன். அதற்கு முன்னால் ஒருத்தர்கூட இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர் எதுவும் பேசாமல் வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார், அடுத்த வாரத்திலிருந்து பக்கத்து ஊர்க் கோவிலுக்குப் போகிறார்.

நானும் பிள்ளைகளும் இங்கேயேதான் போகிறோம். திருவிருந்து ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் கொடுக்கும் நேரம் வருமே, அதுதான் எனக்குப் பெரிய கஷ்டம். செயலருடைய மனைவி எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருவார்கள். அவர்கள் பின்னால் திரும்ப மாட்டார்கள், நானும் சட்டென்று அந்தப் பக்கம் இருக்கிற பாட்டியிடம் திரும்பிவிடுவேன். பத்து மாதமாக இப்படி நடித்துவிட்டு அதே கையை நீட்டி அப்பம் வாங்குகிறேன்.

இப்போது விஷயம் என்னவென்றால், அந்தச் செயலர் மகளுக்குக் கல்யாணம். மூன்று ஞாயிறும் கோவிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாகிவிட்டது, இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. அன்றைக்குப் பார்த்து அந்தப் பையனுக்குச் செமஸ்டர் பரீட்சை. கோவிலில் மணி அடிக்கிறவர் நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "தம்பி வாசிப்பாரான்னு கேட்டுப் பார்க்கச் சொன்னாங்க" என்றார். பாளையங்கோட்டையில் காசு கொடுத்தால் வாசிக்க ஆள் கிடைக்கும், ஆனால் கல்யாணப் பெண் இவர்தான் வேண்டும் என்கிறாளாம். அவள் சின்னப் பிள்ளையாக ஞாயிறு பள்ளியில் இருந்தபோது பாட்டுச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான்.

மாமனார், "போனால் நம்மை எச்சில் இலையாகத்தான் நினைப்பான்" என்கிறார். இவர் வாயே திறக்கவில்லை. எனக்கோ போனால் நல்லது என்றும் இருக்கிறது, போனால் அவர்கள் செய்ததெல்லாம் சரி என்று ஆகிவிடுமோ என்றும் இருக்கிறது. தயவுசெய்து வெறும் வசனம் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள், உங்கள் சபையில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பனையடி:

போகச் சொல்லுங்க அக்கா. செயலருக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. பெரியவர்கள் சண்டை பெரியவர்களோடு இருக்கட்டும், அவள் கல்யாணம் ஒரு நாள்தான் வரும்.

கணக்குநோட்டு:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், யாரும் கோபப்பட வேண்டாம்.

சபைகளில் "சமாதானமாகப் போங்க" என்கிற வார்த்தை எப்போதும் அடிபட்டவன் காதில்தான் விழுகிறது. நான் ஒரு சபையில் பொருளாளராக இருந்தேன். கல்யாண மண்டப வாடகைக் கணக்கில் வரவுக்கும் ரசீதுக்கும் ஒத்துவரவில்லை என்று கமிட்டியில் கேட்டேன். பணத்தைப் பற்றி ஒருவரும் பதில் சொல்லவில்லை, நான் சபையின் ஐக்கியத்தைக் கெடுக்கிறேன் என்று மட்டும் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் எல்லாரும் என்னைவிட நன்றாக ஜெபம் பண்ணத் தெரிந்தவர்கள். நானும் அன்பு, பொறுமை என்று சொல்லி வாயை மூடிக்கொண்டேன். அது அன்பு இல்லை, பயம் என்று எனக்கே புரிய இரண்டு வருஷம் ஆயிற்று.

அதனால் முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள் சகோதரி. சபைப் பணத்தை எடுத்தவன், பிள்ளைகளிடமோ பெண்களிடமோ தப்பாக நடந்தவன், இப்படிப்பட்ட விஷயத்தில் பாதிக்கப்பட்டவர்களிடம் போய் கிருபை காட்டு என்று சொல்லவே கூடாது, அது விசாரணைக்குப் போக வேண்டியது. உங்களுடையது அது இல்லை. உங்கள் வீட்டுக்காரருக்கு நடந்தது அவமானம். அதை அவர் மன்னிக்கலாம், மன்னிக்கிற உரிமை அவருக்கு இருக்கிறது. ஆனால் மன்னிப்பதற்கு முன்னால் நடந்ததை நடந்தது என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? மத்தேயு 18:15 சொல்வது முதலில் தனியாகப் போய் அவனிடமே சொல் என்பதுதானே. பத்து மாதத்தில் செயலரிடம் யாராவது நேரில் போய், "போர்டில் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது, அது எனக்கு வலித்தது" என்று சொன்னீர்களா? சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். சொல்லாமல் போய் வாசித்தால் அவர் அன்றைக்கு நன்றாகச் சிரிப்பார், இவர் இரவு தூக்கம் வராமல் புரண்டு படுப்பார்.

நம் மண்ணிலேயே ஒருத்தர் இதைச் செய்து காட்டியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1910-ல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் நின்றுகொண்டு, வெள்ளைக்கார மிஷனெரிகளுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை அவர்கள் முகத்துக்கு நேராகவே பேசினார். நீங்கள் எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், ஆனால் எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்பதுதான் அந்தப் பேச்சின் சாரம். அவையில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு தனிச்சபை வைக்கப் போகவில்லை, அதே ஆட்களோடு சேர்ந்துதான் வேலை செய்தார். 1912-ல் தெலுங்கு நாட்டிலிருக்கிற தோர்ணக்கல்லுக்குப் பேராயர் ஆனார், 1919-ல் தரங்கம்பாடியில் சபைகள் ஒன்றாக வேண்டும் என்று கூடினவர்களுக்கு முன்னால் நின்றார். தென்னிந்தியத் திருச்சபை 1947-ல் பிறந்தபோது அவர் உயிரோடு இல்லை, 1945 ஜனவரி 1-ஆம் தேதியே போய்விட்டார். உள்ளதைச் சொல்லவும் வேண்டும், விட்டுவிட்டுப் போகவும் கூடாது. அவர் இரண்டையும் செய்தார் என்பதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

சுருக்கமாக என் கருத்து: முதலில் பேசட்டும், பிறகு வாசிக்கட்டும். பேசுவதற்கு அவர்கள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிற நிபந்தனையும் வேண்டாம்.

வடக்குத்தெரு:

தென்காற்று அக்கா, எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன், இதில் என் அப்பாவே இருக்கிறார்.

எங்களுக்கும் கீழவீட்டாருக்கும் தோட்டத்துக்குப் போகிற வழியில் தகராறு. வழியில் ஆரம்பித்தது கோவிலுக்குள் வந்து, ஊரே இரண்டாகப் பிரிந்து, அவர்கள் ஆள் ஜெபம் பண்ணினால் எங்கள் ஆள் ஆமென் சொல்லாத அளவுக்குப் போய்விட்டது. அந்த வருஷம் அறுப்பின் பண்டிகை. பண்டிகை ஏலம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், பூசணிக்காய், சேவல், முட்டை, கருப்பட்டி எல்லாம் கோவில் முன்னால் வைத்து ஏலம் போடுவார்கள், பத்து ரூபாய்ப் பொருள் நூறு ரூபாய்க்குப் போகும், காணிக்கைதானே. எங்கள் பக்கத்து ஆட்கள் முந்தின நாளே கூடி, கீழவீட்டார் கொண்டுவருகிற எதையும் நாம் கேட்கக் கூடாது என்று பேசிவைத்துவிட்டார்கள். அவர்கள் ஒரு பெரிய வாழைத்தார் கொண்டுவந்திருந்தார்கள், அவர்கள் தோட்டத்தில் அந்த வருஷம் முதல் வெட்டு. ஏலம் கூறுகிறவர் ஐம்பது ஐம்பது என்று கத்துகிறார், ஒரு சத்தம் இல்லை. அந்த வீட்டு அம்மா தலையைக் குனிந்துகொண்டார்கள். அப்போது எங்கள் அப்பா "ஐநூறு" என்றார். எனக்கு அன்றைக்குப் பதினொரு வயது, அம்மா அப்பாவைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. கடைசியில் ஆயிரத்து இருநூறுக்கு அப்பாவே எடுத்தார், வீட்டுக்குக் கொண்டுவந்து பழுக்கவைத்து, சண்டைக்கு முன்னால் எப்படிக் கொடுப்போமோ அதே மாதிரி தெரு முழுக்க, கீழவீடு உட்பட, சீப்பு சீப்பாகக் கொடுத்தனுப்பினார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அப்படி நடக்கவில்லை. வழித் தகராறு தீரவில்லை. சொந்தக்காரர்கள் அப்பாவோடு ஆறு மாதம் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து சர்வேயர் வந்து அளந்துதான் தீர்ந்தது, அதிலும் எங்களுக்குத்தான் கொஞ்சம் இடம் குறைந்தது. ஆனால் அளக்கிற அன்று சர்வேயருக்கு ஆள் போதவில்லை, சங்கிலியின் ஒரு முனையை அப்பாவும் மறு முனையைக் கீழவீட்டுப் பெரியவரும் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். போலீஸ் இல்லை, வக்கீல் இல்லை. அந்த வாழைத்தார் இல்லாமல் அது நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இன்னொரு விஷயம். நல்லது செய்து அவர்களை வெட்கப்படுத்தணும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். ரோமர் 12-ல் பசியாயிருக்கிற சத்துருவுக்குச் சாப்பாடு கொடு, அது அவன் தலைமேல் நெருப்புத்தழல் குவிக்கிற மாதிரி என்று வருகிறதே, அதைப் பலபேர் பழிவாங்குகிற நல்ல வழி மாதிரிப் பிடித்துக்கொள்கிறார்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால் "உங்களாலானமட்டும்" என்று ஒரு வார்த்தை இருக்கிறது. நம் பங்கு மட்டும்தான் நம் கையில் இருக்கிறது, அவர்கள் என்ன நினைப்பார்கள் என்பது நம் கணக்கு இல்லை. மாமனாரிடம் மெதுவாக இதைச் சொல்லிப் பாருங்கள்.

பழைய உபதேசியார்:

மகளே, முப்பது வருஷத்துக்கு மேல் கிராமச் சபைகளில் ஊழியம் செய்தவன் நான். பாட்டுக்குழுச் சண்டை, கல்லறைத் தோட்டத்து இடச் சண்டை, அசனத்தில், அதாவது சபை விருந்துச் சாப்பாட்டில், யாருக்கு முதல் பந்தி என்கிற சண்டை எல்லாம் பார்த்திருக்கிறேன். வசனம் மட்டும் போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாய். ஆனாலும் ஒரு இடத்தைக் காட்டியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதைப் பாதியில் நிறுத்திவிடுகிறோம்.

ஆதியாகமம் 26-ல் ஈசாக்கு கிணறு தோண்டுகிறான், கேராரூர் மேய்ப்பர் எங்களுடையது என்கிறார்கள். விட்டுவிட்டு வேறு தோண்டுகிறான், அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றுக்குச் சண்டை வரவில்லை, அதற்கு ரெகொபோத் என்று பேர் வைத்தான். பிரசங்கங்களில் இதோடு நிறுத்திவிட்டு, பார்த்தீர்களா, விட்டுக்கொடுத்தான், நீங்களும் விட்டுக்கொடுங்கள் என்று முடித்துவிடுவோம், நானும் அப்படிப் பலமுறை முடித்திருக்கிறேன். அதற்குக் கீழே படி. அவனைத் துரத்தின அபிமெலேக்கே பிறகு அவனைத் தேடி வருகிறான். ஈசாக்கு உடனே வாருங்கள் வாருங்கள் என்று சொல்லவில்லை. என்னைப் பகைத்து உங்களிடத்தில் இல்லாதபடி துரத்திவிட்டீர்களே, இப்போது ஏன் வந்தீர்கள் என்று நேராகக் கேட்கிறான். அதைக் கேட்ட அதே ஈசாக்கு பிறகு அவர்களுக்கு விருந்து வைக்கிறான், சாப்பிட்டுக் குடித்து, விடியற்காலையில் ஆணையிட்டு, சமாதானத்தோடு அனுப்பிவைக்கிறான். கணக்குநோட்டுத் தம்பி சொன்ன பேச்சும் வடக்குத்தெருப் பிள்ளை சொன்ன வாழைத்தாரும் ஒரே அதிகாரத்தில் இருக்கிறது பார்.

உன் புருஷனைத் தேடி ஆள் வந்திருக்கிறது. அதையும் மறக்காதே. நேராக வர வெட்கப்பட்டு மணி அடிக்கிறவரை அனுப்பியிருக்கிறார்கள், ஆனாலும் அனுப்பியிருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று, இது அனுபவத்தில் சொல்வது. கல்யாணத்தில் வாசிக்கிறவருக்கு ஒரு கவர் கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளச் சொல். வேண்டாம் என்று மறுத்தால் பார்க்கிறவர்களுக்குப் பெருந்தன்மை மாதிரித் தெரியும், ஆனால் அவர்களைக் கடனாளியாகவே நிற்கவைக்கிற வேலை அது. கொடுக்கிறதை வாங்கிக்கொள்வதும் சமாதானத்தில் பாதி.

மெழுகுவர்த்தி:

நான் ஆர்.சி., திண்டுக்கல் பக்கம். எங்கள் திருப்பலியிலும் சமாதானம் கொடுப்போம், ஆனால் எங்களுக்கு அது ஆண்டவர் கற்பித்த ஜெபத்துக்குப் பிறகு, நற்கருணை வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் வரும். உங்கள் ஒழுங்கில் எங்கே வருகிறது என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

பழைய உபதேசியார்:

நல்ல கேள்வி. எங்கள் திருவிருந்து ஒழுங்கில் காணிக்கைப் படைப்புக்கு முன்னாலேயே வந்துவிடும். இந்த ஒழுங்கு 1950-ல் வந்தது. கைக்குள் கை வைத்துச் சமாதானம் கொடுக்கிற முறையைக் கேரளத்துச் சுரியானிச் சபைகளிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். காணிக்கைக்கு முன்னால் வருவது எவ்வளவு பொருத்தம் என்று நீங்களே பாருங்கள், பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு, உன்பேரில் குறையுள்ள சகோதரனிடம் போய் முதலில் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ல் ஆண்டவர் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது. அந்த வசனத்தில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, அவனுக்கு உன்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால் என்று இருக்கிறது.

மகளே, இதை உன் புருஷனுக்காகச் சொல்லவில்லை. முன் பெஞ்சு உன்னுடைய காரியம்.

தென்காற்று:

எல்லாருக்கும் நன்றி. ஆறு நாள் கழித்து எழுதுகிறேன்.

நீங்கள் எழுதினதையெல்லாம் போனைப் பார்த்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். கணக்குநோட்டு அண்ணன் எழுதினதை மட்டும் இரண்டாவது தடவை வாசிக்கச் சொன்னார். அப்புறம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் முகம் கழுவிவிட்டு, நான் போய்ட்டு வர்றேன் என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார். நானும் வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். மாமா திண்ணையில் இருந்தார், ஒன்றும் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். செயலர் வாசலில் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருந்தாராம், இவரைப் பார்த்ததும் உள்ளே வாங்க என்று கூட்டிப்போனாராம். இவர் உட்காராமல் நின்றபடியே, "வாசிக்கிறேன் சித்தப்பா, அதுல ஒண்ணும் இல்ல, ஆனா ஒரு விஷயம் சொல்லணும், பதினாலு வருஷம் வாசிச்ச எனக்கு அந்தத் தாளைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது, அது எனக்கு ரொம்ப வலிச்சுது" என்று சொல்லியிருக்கிறார். செயலர் கொஞ்ச நேரம் பேசவில்லையாம். பிறகு, "கமிட்டி முடிவு தம்பி, நான் ஒருத்தன் எடுத்தது இல்ல" என்றாராம். மன்னிப்பு என்கிற வார்த்தை வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன் என்று எழுதினால்தான் உண்மை, எனக்கு அது கொஞ்சம் வருத்தம்தான். இவருக்கு வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை, சொல்லிட்டேன், போதும் என்கிறார், பத்து மாதத்துக்குப் பிறகு அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

கல்யாணப் பெண் உள்ளேயிருந்து ஓடிவந்து பாட்டு லிஸ்ட்டைக் கொடுத்தாளாம். நாலு பாட்டு, அதில் இரண்டு கீர்த்தனை. அந்தப் பையனுக்கு மேல்நாட்டு மெட்டில் இருக்கிற பாமாலைப் பாட்டு வரும், நம் ராகத்தில் இருக்கிற கீர்த்தனைக்குத்தான் கை வரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார்களாம். இவரே, சனிக்கிழமை சாயங்காலம் அவனை வீட்டுக்கு அனுப்புங்க, சொல்லிக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். மாமாவுக்கு இதை இன்னும் சொல்லவில்லை. பையன் வரும்போது தானாகத் தெரியட்டும் என்கிறார், எனக்கு அது சரியாகப் படவில்லை, நாளைக்கு நானே மாமாவிடம் சொல்லப்போகிறேன்.

உபதேசியார் ஐயா, முன் பெஞ்சு பற்றிச் சொன்னீர்களே. இந்த ஞாயிறு திருவிருந்து இல்லை, அதனால் அந்த நேரமே வரவில்லை. ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் அவர்கள் நின்றார்கள், கல்யாண வேலையெல்லாம் எப்படிப் போகுது அக்கா என்று கேட்டேன். முறுக்குச் சுட ஆள் போதவில்லை என்றார்கள். வியாழக்கிழமை நான் போகிறேன், எங்கள் வீட்டு முறுக்குக் குழலும் எடுத்துக்கொண்டு போகிறேன்.

கீபோர்டு மேலே மூடியிருந்த போர்வையை நேற்று எடுத்துத் துடைத்துவைத்தேன். இரண்டு கட்டை அமுங்கினால் மேலே எழும்பவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சரிசெய்கிறவர் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், சனிக்கிழமைக்குள் வேண்டும்.